மாமனார் வீட்டுத் தொட்டியில் ஒரு விரால்

தண்ணீரைக் கண்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் எனக்கு நகரத் தெரியாது. குட்டை, வாய்க்கால், கல்குவாரிப் பள்ளம், எதுவானாலும் சரி. தாலி கட்டப் போகிற வழியில் காரை நிறுத்தச் சொல்லி ஏரியில் எத்தனை தண்ணீர் என்று பார்த்தவன் நான். தூண்டில் போடுகிறவனை எல்லோரும் பொறுமைசாலி என்று நினைக்கிறார்கள். அட போங்க! முழுக்க முழுக்க எட்டிப் பார்க்கிற புத்திதான். தூண்டில் நரம்பு லேசாக அசைந்ததும் 'யாருப்பா அது?' என்று மனசு கேட்கும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காக நாள் முழுக்க வெயிலில் காயலாம். அந்தப் புத்திதான் கல்யாணமான முதல் புரட்டாசியில் என் மானத்தை வாங்கியது.

மாமனார் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். புரட்டாசி முழுக்க எங்களுக்குக் கவுச்சி கிடையாது. மூன்றாம் சனிக்கிழமை மாமியார் பெருமாளுக்குத் தளிகை போடுவார். பங்காளிகள் எல்லோரும் வருவார்கள். பூஜை முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. புது மாப்பிள்ளையை எல்லோரும் எடைபோடப் போகிற நாள் என்பதால் என் மனைவி சுகன்யா சேலத்தில் எங்கள் வீட்டிலேயே எச்சரித்துவிட்டாள்.

"எங்கம்மா சுத்தபத்தம் பாக்கறவங்க. தூண்டிலு, புழுவுன்னு எதையும் வண்டியில வெக்காதீங்க. சொந்தக்காரங்க முன்னால என்னையத் தலைகுனிய வெச்சறாதீங்க."

"நா என்ன சின்னப் பையனா?" என்றேன். (வண்டி டிக்கியில் நரம்பும் இரண்டு தூண்டில் முள்ளும் அப்போதே இருந்தன.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூடம் வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில் ஏரி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. சும்மா பார்க்கத்தான் இறங்கினேன். சத்தியமாகச் சும்மாதான். ஓரத்தில் ஒரு தவளை குதித்தது. இதை முள்ளில் மாட்டிப் போட்டால் என்ன வரும் என்று ஒரு சின்ன ஆர்வம். வந்தது ஒன்றரைக் கிலோ விரால். முள்ளைக் கழற்ற வரவில்லை. நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

அதைத் திரும்ப ஏரியில் விட்டிருக்க வேண்டும். கை வரவில்லை. ஐப்பசி பிறக்க இரண்டே வாரம். விரால் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும், சாகாது. யார் கண்ணிலும் படாமல் அதுவரை வைத்திருந்தால் ஒன்றாம் தேதி குழம்பு என்று முடிவுசெய்து, ஈரத் துண்டில் சுற்றி, சூடம் இருந்த மஞ்சள் பையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கிணற்றோரம் ஒரு சிமெண்டுத் தொட்டி. பாசி இல்லாமல் பளிச்சென்று தேய்த்துக் கழுவி, தண்ணீர் ரொப்பியிருந்தார்கள். மீனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? உள்ளே விட்டுவிட்டு, சூடத்தை மாமியாரிடம் பயபக்தியோடு நீட்டினேன். தொட்டி ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தளிகைச் சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாதாம். கிணற்றுத் தண்ணீரை அந்தத் தொட்டியில் நிரப்பி, விடியாத இருட்டில் மொண்டுதான் சாதம், சாம்பார், பாயசம் எல்லாம்.

சனிக்கிழமை உச்சிப்பொழுது. படையல் போட்டாகிவிட்டது. நாற்பது பேர் வெறும் வயிற்றோடு கைகூப்பி நிற்கிறோம். கடைசியாக ஒரு சொம்பு தண்ணீர் மொள்ள மாமியாரின் அக்கா பின்பக்கம் போனார். அடுத்த நொடி ஓர் அலறல்.

"கோவிந்தா!"

பூஜை தொடங்கிவிட்டது என்று நாற்பது பேரும் சேர்ந்து "கோவிந்தா!" என்றோம்.

"ஐயோ, கோவிந்தா!"

"கோவிந்தா!"

மூன்றாவது அலறலுக்குத்தான் எல்லோரும் பின்பக்கம் ஓடினோம். தொட்டிக்குள் என் விரால் நிதானமாக வளைய வந்துகொண்டிருந்தது. வயதான பங்காளி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மச்சாவதாரமுங்க! சனிக்கெழமை அதுவுமா பெருமாளே ஊடு தேடி வந்திருக்காருங்க!"

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டி விளிம்பில் மஞ்சள், குங்குமம், சூடம் எல்லாம் வந்துவிட்டன. சுகன்யா மீனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். சொன்னால் சமைத்தது அத்தனையும் வீண், இத்தனை பேர் முன்னால் அவள் தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால் பெருமாள் பேரில் பொய். கோழைப் பயல் நான், எல்லோரோடும் சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மாமனார் அதிகம் பேசாதவர். தீபாராதனைத் தட்டோடு குனிந்தார். விராலோ மூச்சு வாங்க மேலே வருகிற ஜாதி. சரியாக அவர் முகத்துக்கு நேரே வந்து வாயைத் திறந்தது. அவர் உற்றுப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, பெருமாளு வாயில தூண்டி நரம்பு தொங்குதுங்களே?"

"நாந்தானுங்க மாமா" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதே விட்டேன்.

சமைத்ததெல்லாம் மாடுகளுக்குப் போயிற்று. பாத்திரங்களை மறுபடி தேய்த்தார்கள். தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தவன் நான். இலை போடும்போது மணி ஐந்து. பசி மயக்கத்தில் ஒரு பங்காளி, "மாப்ள நல்லா இருக்கோணும்" என்று வாழ்த்திய தொனியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சூடம் காட்டிய மீனை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. மாமனார் அதன் வாய்க்குள் விரலை விட்டு, சுண்டினாற்போல் முள்ளைக் கழற்றி, மீனைக் கிணற்றில் விட்டார். (அந்தக் கைக்கு அது முதல் மீன் இல்லை என்று எனக்கு உடனே பட்டது.)

மாமியார் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சுகன்யா பேசினாள். "அந்த மீனுக்கே என்னையக் கட்டி வெச்சிருக்கலாம்" என்ற ஒரே வாக்கியத்தைத் தினமும் பேசினாள்.

ஐப்பசி ஒன்றாம் தேதி காலை மாமனாரிடமிருந்து போன்.

"மாப்ள, புரட்டாசி முடிஞ்சுதுங்க. பெருமாளு மலையேறிட்டாரு. கெணத்துல இருக்கறது இனி வெறும் மீனுதானுங்க. தூண்டிய எடுத்துட்டு வாங்க."

அன்றைக்குக் கிணற்றுப் படியில் பொழுது சாயும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு கடிகூட இல்லை. ஆனாலும் எனக்குக் கல்யாண நாளைவிடச் சந்தோஷமாக இருந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு ஐப்பசி ஒன்றுக்கும் இதுதான். மாமியார் மசாலா அரைத்து வைத்துவிட்டு, கிணற்று மேட்டில் நின்று மரியாதையாகக் கேட்பார்.

"ஏனுங்க, வந்தாருங்களா?"

"இன்னும் வரலீங்க அத்தை."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்த மசாலாவில் முட்டையை உடைத்து ஊற்றப் போய்விடுவார்.