ரெண்டு சாவி சாரும் அம்மாவின் கேஸ் மாத்திரையும்

ஒரு பாரசிட்டமாலுக்கு அணுகுண்டுக்கு உண்டான மரியாதையைக் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். கோவளம் தாண்டி, கடலோர முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறார். எல்லோரும் அழைப்பது ரெண்டு சாவி சார் என்று.

கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி ஆபீசில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். இல்லத்தில் சேர்ந்த வாரமே மாத்திரை பீரோவுக்கு இரண்டாவது பூட்டு வந்துவிட்டது. ஒரு சாவி நர்ஸிடம், இன்னொன்று சார் கழுத்தில். மேனேஜர் தடுத்துப் பார்த்துத் தோற்றார். நர்ஸ் லேபிளைப் படிக்க வேண்டும், சார் இன்னொரு தரம் படிப்பார், விழுங்கப்போகிறவர் தன் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் இருந்து வந்தவர்களில் வேதகிரி என்ற பெயரிலேயே இரண்டு பேர் உண்டு. அவர்கள் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்!

ஒருமுறை சமையல்கட்டு ஃபிரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் தோசை மாவைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார்.

"மாவு இன்னா சார் பண்ணும், இன்சுலின கடிச்சா துன்னும்?" என்றார் சமையல்காரர்.

"பொங்கும்யா! பொங்கி வழிஞ்சு லேபிள் அழிஞ்சா யாரு பொறுப்பு?"

இன்சுலினுக்குத் தனி ஃபிரிட்ஜ் வந்தது.

இப்படிப்பட்டவரிடம் என் அம்மா போய்ச் சேர்ந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, நடைப்பயிற்சிக்காகக் கொஞ்ச நாள் அங்கே. அம்மாவின் கைப்பையே ஒரு மெடிக்கல் ஷாப். வந்த அன்றே அதிலிருந்து ஒரு துண்டு அட்டையைச் சார் பிடித்துவிட்டார். கத்தரியால் வெட்டியது. பெயரும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை.

"என்ன மாத்திரை இது?"

"கேஸ் மாத்திர. வெள்ளையா கீதே, தெர்ல?"

"வெள்ளையா இருந்தா கேஸ் மாத்திரையாம்மா? பேர் எங்க?"

"பைல அடங்கலன்னு நான்தான் வெட்டினேன், மிச்சம் வூட்ல கீது. நான் துன்னாத மாத்திரயா? குடுய்யா!"

சார் கொடுக்கவில்லை. பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மா எனக்குப் போன் போட்டார். "டேய், ஒண்ணு அந்தாளு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். வந்து இட்டுனு போ!"

பயிற்சியை நடுவில் விட்டால் அம்மா திரும்ப நடப்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! சாரை நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆதாரத்துக்காக வீட்டில் மாத்திரை போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைக் கொட்டி, அட்டையின் மிச்சப் பாதியைத் தேடி எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தேன்.

சார் இரண்டு துண்டையும் மேசையில் சேர்த்து வைத்தார். வெட்டோடு வெட்டு கச்சிதமாகப் பொருந்தியது. அவர் படித்தார். நர்ஸ் படித்தார். என்னையும் படிக்க வைத்தார். அது காலமான என் அப்பாவின் சர்க்கரை மாத்திரை! அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது. கேஸ் மாத்திரை என்று வெறும் வயிற்றில் போட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார், அந்த இடுப்போடு. நாலு கேள்வி கேட்க வந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அம்மா கைப்பையை மேசையில் தலைகீழாகக் கவிழ்த்தார். "எல்லாத்தையும் எடுத்துக்க அண்ணாத்த," என்றார். சார் சந்தோஷம் தாங்காமல் லேபிள் கட்டை எடுக்க ஓடினார்.

இப்போது அம்மா நடக்கிறார், வீட்டுக்கும் வந்துவிட்டார். சாப்பிட்டதும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சாருக்குப் போன் போடுவார். ஸ்பீக்கரில் அதே அதட்டல்: "லேபிளைப் படிங்க. முழுப் பேர்?"

"நூர்ஜகான் பீவி!"

அப்பாகூடப் பெயர் சொல்லி அழைக்காத என் அம்மா, தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார். அந்தக் கிறுக்கு மனிதர் நூறு வயது இருக்க வேண்டும் என்று நான் தினமும் தொழுகையில் துஆ கேட்கிறேன். ஆள் மாறிவிடக் கூடாதே என்று, அவருடைய முழுப் பெயரையும் சொல்லி.