முழங்கால் கஷாயம்

"கிஸ்பெர்ட், அந்த பாட்டில இப்படிக் குடேன். தொண்டை வறண்டு போச்சு."

வெண்டலின் பக்கவாட்டில் வந்து கையை நீட்டியதும் கிஸ்பெர்ட்டின் சைக்கிள் சரளையில் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. அந்தப் பாட்டிலில் தண்ணீர் இல்லை. சொல்லப்போனால் அது பாட்டிலே இல்லை. பாட்டில் உருவத்தில் செய்த பேட்டரி. அதிலிருந்து ஒரு ஒயர் சைக்கிள் குழாய்க்குள் இறங்கி, பின்சக்கரத்தின் நடுவே ஒளிந்திருந்த சின்ன மோட்டாருக்குப் போனது. மேலே ஒரு பழைய கம்பளிக் காலுறையை மாட்டி மறைத்திருந்தார்.

"உன் பாட்டில் என்னாச்சு?"

"காலி."

"கிளம்பி ரெண்டு கிலோமீட்டர்கூட ஆகலையே?"

"வயசாச்சில்ல?" என்றார் வெண்டலின். எழுபத்து நான்கு வயது, சைக்கிள் சங்கத்தின் தலைவர்.

"இது தண்ணி இல்ல," என்றார் கிஸ்பெர்ட். "மருந்து. முழங்காலுக்கு."

பொய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது போய் விழுந்த காது சரியில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த ரோஸ்விதா நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். இப்போது சங்கத்தின் செயலாளர். வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு, பழைய சரக்குக் கொட்டகை முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துச் சங்க விதிகளைப் படித்துவிட்டுத்தான் பெடலில் கால் வைப்பாள். இன்றும் படித்தாள். அதில் ஏழாவது விதி இது: உறுப்பினர் கால் பலத்தால் மட்டுமே மிதிப்பர். மோட்டார் வைத்தவர் பெயர் நீக்கப்படும், மதுக்கடைக் கொக்கியில் தொங்கும் அவர் பெயர் பொறித்த பீர்க் குவளையும் இறக்கப்படும்.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்த விதியைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்கிறீர்களா? சாட்சாத் கிஸ்பெர்ட்தான். மேஜையைக் குத்திப் பேசினார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது, முழங்கால் இரண்டும் இரும்பு.

கடைசி இரண்டு வருஷமாக அவர்தான் வரிசையின் வால். வெண்டலின்கூட ஏற்றத்தில் விசிலடித்துக்கொண்டு முந்திப் போனார். அது அவர் தினமும் சாப்பிடும் ஓட்ஸ் கஞ்சியின் மகிமை என்று நம்பி கிஸ்பெர்ட்டும் ஒரு மாதம் ஓட்ஸ் சாப்பிட்டுப் பார்த்தார். வயிறு சொன்னபடி கேட்டது, கால் கேட்கவில்லை. பனிக்காலத்தில் முழங்காலில் ஆபரேஷன் வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருடைய வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது இந்த ஒரு வியாழக்கிழமைதான். அதுவும் போய்விடுமோ என்று மனிதர் நிஜமாகவே பயந்துபோனார். யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து, ட்ரியரில் ஒரு மெக்கானிக்கிடம் போய் மோட்டாரை வைத்துக்கொண்டு வந்தார். மனைவி ஹன்னலோரிடம்கூடச் சொல்லவில்லை. இது அதற்குப் பின் வந்த மூன்றாவது வியாழன்.

"என்ன மருந்து?" என்று கேட்டபடி ரோஸ்விதா பக்கத்தில் வந்தாள்.

"கஷாயம். ஹன்னலோர் காய்ச்சித் தரா. ஏதோ காஞ்சொறி இலை, இன்னும் என்னென்னவோ."

"கேக்குதா?"

"பாத்தேல்ல, எப்படி ஏறறேன்னு?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஐந்து பேருக்கும் சேர்த்து முழங்கால் பத்து. பத்தும் ஒரே நேரத்தில் கஷாயம் கேட்டன.

"ஆளுக்கு ஒரு வாய் குடுப்பா!"

"அளவு மருந்து. குறையக் கூடாது."

"அப்ப அவகிட்டயே செய்முறைய கேட்டுடறேன்." ரோஸ்விதா ஒரு காலை ஊன்றி நின்று போனை எடுத்தாள்.

"வேண்டாம்!" கிஸ்பெர்ட்டின் குரல் பள்ளத்தாக்கின் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. "நாங்க... பேசிக்கிறதில்ல."

ஐந்து சைக்கிளும் நின்றன.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"பேசாம இருந்துகிட்டே கஷாயம் மட்டும் காய்ச்சித் தராளா?"

"வாசல்ல வச்சிட்டுப் போயிடுவா."

ரோஸ்விதாவின் கண் கலங்கிவிட்டது.

பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் போட்ட சைக்கிள் பாதை அது. அந்தக் காலத்து ரயில் ஏறக்கூடிய ஏற்றத்தில் யாரும் விழுந்துவிட மாட்டார்கள். ஆனால் அது முடியவும் முடியாது. ஒன்பது கிலோமீட்டரும் ஒரே சீராக ஏறிக்கொண்டே இருக்கும். அந்த ஒன்பது கிலோமீட்டரில், கேள்வியும் பதிலுமாக, கிஸ்பெர்ட்டின் குடும்பம் சிதறிப்போனது. முதல் பாலத்தில் சின்னச் சண்டையாக இருந்தது, இரண்டாவது பாலத்தில் தனித்தனி அறையானது. உயரமான கல்பாலம் வருவதற்குள் விவாகரத்து.

"எங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு, வந்துடு," என்றார் வெண்டலின். "பூனை மட்டும் கொஞ்சம் பிராண்டும்."

"நல்ல வக்கீல் ஒருத்தர் இருக்காரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ரோஸ்விதா ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று கல்பாலத்தில் பின்தங்கினாள். கயிறு கட்டுகிறவள் எதற்குப் போனைக் காதில் வைத்திருக்கிறாள் என்று யோசிக்கும் நிலையில் கிஸ்பெர்ட் இல்லை. இந்த அன்பிலிருந்து தப்பினால் போதும். ஹேண்டில்பாருக்கு அடியிலிருந்த பொத்தானை அழுத்தி மோட்டாரை முழு வேகத்தில் வைத்தார். சைக்கிள் அம்பாய்ப் பாய்ந்தது.

ஒருவரும் பின்தங்கவில்லை. எழுபதைத் தாண்டிய நாலு பேரும், கயிறு கட்டி முடித்த ரோஸ்விதாவும், ஏற்றத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், மூச்சுக்கூட வாங்காமல் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே கூட வந்தார்கள்.

கிஸ்பெர்ட்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எப்பேர்ப்பட்ட கால்கள்! இந்த வீரர்களுக்கு நடுவில் தான் ஒருவன் மட்டும் இப்படியா?

மலை உச்சியில் பழைய ரயில் சுரங்கம் வந்தது. உள்ளே உறங்கும் வௌவால்களுக்காகப் பனிக்காலம் முழுக்கப் பூட்டி வைத்து, ஏப்ரலில்தான் திறந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் மோட்டாரின் ரீங்காரம் சுவரில் பட்டு எதிரொலிக்கத் தொடங்கியது. கிஸ்பெர்ட் பதறிப்போய், மலையேறுகிறவர்கள் பாடும் பழைய பாட்டு ஒன்றை உச்சஸ்தாயியில் எடுத்தார். இரண்டாவது அடியை முடிக்கவில்லை, மற்ற ஐந்து பேரும் தொண்டை கிழியச் சேர்ந்துகொண்டார்கள். வெண்டலினுக்குப் பாட்டின் வார்த்தையே தெரியவில்லை, ஆனால் அவர்தான் எல்லோரையும்விடச் சத்தம். தன் துக்கத்தில் பங்கெடுக்கத்தான் பாடுகிறார்கள் என்று எண்ணி, கிஸ்பெர்ட் இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுரங்கத்தைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தபோது பேட்டரியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இனி லீசர் ஆறுவரை இறக்கம்தான், சமாளித்துவிடலாம். ஆனால் திரும்பும்போது இதே மலையை ஏற வேண்டும். வெறும் முழங்காலோடு.

ஆற்றங்கரையில் பழைய ரயில் நிலையம் இப்போது காபிக் கடை. வாசலில் ஹன்னலோரின் கார் நின்றது.

சைக்கிளை நிறுத்தியதும் வெண்டலின் கை கழுவப் போனார். ரோஸ்விதா கேக் சொல்லப் போனாள். மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கினார்கள். புருஷன் பெண்டாட்டிக்குத் தனிமை கொடுக்கிறார்களாம்.

ஹன்னலோரின் முகம் வெளுத்திருந்தது. "மூணு வாரக் கோபத்த இன்னிக்கே பேசித் தீத்துடலாம், உடனே வான்னு ரோஸ்விதா போன் பண்ணினா. என்மேல என்ன கோபம் உனக்கு? காலையிலகூட முட்டை பதமா வெந்திருக்குன்னு சொன்னியே. அதுவும் வாய் வார்த்தைதானா?"

"ஐயோ, முட்டை நெஜமாவே நல்லா இருந்துச்சு!"

"பின்ன?"

"கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. உன்கிட்ட ஒரு விஷயத்த மறைச்சிட்டேன். மூணு வாரமா."

ஹன்னலோர் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "அவ பேரென்ன?"

"அவளா? எவ? அப்படியெல்லாம் இல்ல!"

"எந்த ஊரு?"

"ட்ரியர்," என்றார் கிஸ்பெர்ட், மெக்கானிக் ஞாபகத்தில்.

ஹன்னலோர் அழ ஆரம்பித்தாள். முப்பத்து நாலு வருஷத்தில் கிஸ்பெர்ட் அவளை இப்படி அழவைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் அவள் சிரித்துவிடுவாள், ஆனால் கை கழுவிவிட்டு வருகிற தலைவரும் கேக்கோடு வருகிற செயலாளரும் சிரிக்க மாட்டார்கள். குவளை கொக்கியிலிருந்து இறங்கிவிடும்.

"அஞ்சே நிமிஷம் இரு. எல்லாத்தையும் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, பாட்டிலைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தார்.

கடைக்காரி தெக்லா ரூபார்ப் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெக்லா, அரைமணி நேரத்துக்கு ஒரு பிளக் பாயின்ட் கிடைக்குமா? ஒண்ணுமில்ல, காதுல வைக்கிற மிஷினுக்கு."

தெக்லா அவர் காதைப் பார்த்தாள், சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த கம்பளிக் காலுறையைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அடக் கடவுளே, நீங்களுமா? வியாழக்கிழமைன்னா என்கிட்ட ஒரு பிளக்கும் காலியா இருக்காதுங்க. ரோஸ்விதாம்மாவோட பேட்டரி சார்ஜ் ஏறினதும் அதை எடுத்துட்டு உங்களதைச் சொருகறேன், ஆனா வெளிய மூச்சு விட்டுடாதீங்க, அவங்க அஞ்சு பேருல ஒவ்வொருத்தரும் சங்கத்துல தான் ஒருத்தர் மட்டும்தான் ஏமாத்தறோம்னு நெனச்சிட்டிருக்காங்க!"