கவனக் காவலர்

மனித இனத்தில் கவனக் காவலர் என்றொரு பிரிவு உண்டு. இவருக்குச் சீருடை கிடையாது, சம்பளம் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. மற்றவர்கள் கவனமாக இருக்கிறார்களா என்று பார்ப்பதே தொழில். எப்படிப் பார்ப்பது? மிகச் சுலபம். யாராவது ஒரு வேலையில் மூழ்கியிருக்கும்போது அரவமில்லாமல் பின்னால் போய் நின்று, "கவனமா செய்யறியா?" என்று கேட்க வேண்டும். அவர் தூக்கிவாரிப் போடத் திரும்புவார். "பார்த்தியா, கவனமே இல்லை!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போக வேண்டும்.

உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். ஊசியில் நூல் கோக்கிறவளிடம் "குத்திக்காதே!" என்று கத்திக் குத்திக்கொள்ள வைப்பவர், தளும்பத் தளும்ப டம்ளரை ஏந்தி வருகிறவனிடம் "கொட்டிடாதே!" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்துக் கொட்ட வைப்பவர், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது "வா, வா, வா" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்து சுவரில் இடித்த பிறகு "நில்லு" என்பவர், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாம்.

என் எதிர்வீட்டில் இருப்பவர் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. அந்த வீட்டுச் சிறுமிக்கு அவர் பெரியப்பா. அதனால் தெருவுக்கே பெரியப்பா. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆயுள் முழுக்க ஒலிபெருக்கியில் கெஞ்சியிருக்கிறார். ஒரு பயணியாவது கவனித்தாரா? அவர் சொல்லி முடித்த மறுகணமே, "ஏங்க, இப்ப என்ன சொன்னாங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நடைமேடை மாறி ஓடுவார்கள். அந்த வேதனை அவர் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. ஓய்வு பெற்றதும் அது வீட்டுக்கு வந்தது.

வீட்டில் அகப்பட்டவள் தம்பி மகள். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு வீட்டில் வழங்கும் பெயர் பராக்கு. ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு செருப்பை மறந்து நிற்பாள். "தண்ணி கொண்டு வா" என்றால் சமையலறைக்குள் போய், வந்த காரியத்தை மறந்து, குழாயிலிருந்து சொட்டும் நீரை வேடிக்கை பார்ப்பாள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. இப்படிப்பட்ட குழந்தைகளை யாரும் கவனிப்பதில்லை. இவர்களுக்குக் கவனம் இல்லை என்பதைக்கூட.

கவனித்தவர் வகுப்பு ஆசிரியை. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மாவை வரவழைத்துச் சொன்னார்: "கெட்டிக்காரப் பொண்ணு. வாயால கேட்டா பதில் சொல்றா. ஆனா பரீட்சையில பாதித் தாள் வெள்ளையாவே வருது. வருஷக் கடைசியிலயும் இப்படியே இருந்தா, இதே வகுப்புலதான் மறுபடி உட்காரணும். ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா."

அன்று வீடே பேசியது. பராக்கு ஒன்றுதான் கேட்டாள். "அப்ப நெட்டை மட்டும் மேல போயிடுவாளா?" நெட்டை என்பவள் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள், பராக்குக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. அம்மா உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பெரியப்பாவுக்கு முதலில் கோபம் வந்தது. "கவனம் இல்லாததெல்லாம் ஒரு வியாதியா? எங்க காலத்துல முதுகுல ரெண்டு வெச்சா தானா வந்துடும்!" பிறகு கைபேசியில் ஒரு மருத்துவரின் உரையைக் கேட்டார். பாதிதான் கேட்டார், நடுவில் யானை குளிக்கும் காட்சி ஒன்று வந்துவிட்டது. அந்தப் பாதி போதாதா? மறுநாளிலிருந்து தெருவில் யாரும் தப்பவில்லை. கடிதத்தை வீடு மாற்றிப் போட்ட தபால்காரருக்குக் கவனக் குறைபாடு. மதிலுக்கு மதில் தாவும் பூனைக்கு அதீதத் துடிப்பு. பின்தங்கி ஓடும் எங்கள் சுவர்க் கடிகாரத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவும் அந்த கேஸ்தான். சத்தம் போடாம மெதுவா பின்னால போற ரகம்" என்றார்.

நோய் தெரிந்துவிட்டால் வைத்தியம் தொடங்க வேண்டியதுதானே? பள்ளி விட்டு வந்தது முதல் அம்மா வேலை முடிந்து வரும்வரை பராக்கு பெரியப்பாவின் பொறுப்பு. அவள் மேசைக்கு எதிரே "கவனம் சிதறாதே" என்று ஆளுயரத்துக்கு ஒரு பலகை மாட்டினார். எழுத்து எடுப்பாகத் தெரிய வேண்டுமே என்று அதைச் சுற்றி விட்டு விட்டு எரியும் வண்ண விளக்குகளைத் தொங்கவிட்டார். எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் எரிகிறது என்று பராக்கு இரண்டே மாலைகளில் தலைகீழாகச் சொன்னாள். அப்புறம் ஒரு மணி வாங்கினார். கவனம் விலகினால் திரும்பி வருவதற்காக அவ்வப்போது அடிப்பது. விலகாவிட்டாலும், விலகாமல் இருப்பதற்காக அடிப்பது. நடுநடுவே நேரடி விசாரணையும் உண்டு.

"கவனம் இருக்கா?"

"இருக்கு பெரியப்பா."

"எங்க இருக்கு?"

"கணக்குல."

"எந்தக் கணக்குல?"

இதோ, போட்டுக்கொண்டிருந்த கணக்கு கையிலிருந்து நழுவிவிட்டது. பராக்கு நோட்டில் தேடுவாள். "பார்த்தியா, தெரியல!" என்று அவர் மணியை அடிப்பார்.

ஒரு வழியாக மருத்துவரைப் பார்க்கும் நாள் வந்தது. அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் பெரியப்பா முன்னால் போய் நின்றார். மருத்துவர் ஓர் அம்மையார், நிதானமாகப் பேசுகிறவர். எத்தனை வயதிலிருந்து இப்படி, வீட்டில் எப்படி, பள்ளியில் எப்படி, தூக்கம் எப்படி, மனசில் ஏதாவது பயம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காதையும் கண்ணையும் பரிசோதித்தார். ஆசிரியையிடம் தொலைபேசியில் பேசினார்.

பெரியப்பாவுக்குப் பெரிய ஏமாற்றம். "ரத்தம் எடுக்கலையா டாக்டர்?"

"இதுக்கு ரத்தத்துல பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லைங்க."

"ஸ்கேன்?"

"அதுவும் வேண்டாம். குழந்தையைப் பத்தித் தெரிஞ்சவங்க சொல்றதைக் கேட்டுக்கணும். அதுதான் முக்கியமான டெஸ்ட்."

"வெறுமனே கேக்கறதா? அது ஒரு டெஸ்டா?" என்றார் பெரியப்பா. ஆயுளில் அவர் எழுதாத ஒரே பரீட்சை அது.

அவர் மனம் குளிரக் கணினியில் ஒரு சோதனையும் இருந்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். வர வரப் பொத்தானை அமுக்க வேண்டும், குறிப்பிட்ட ஓர் எழுத்து வந்தால் மட்டும் அமுக்கக் கூடாது. பராக்கு முன்னால் உட்கார்ந்தாள். பெரியப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "அமுக்கு... அமுக்கு... இப்ப அமுக்காதே! ஐயோ, அமுக்கிட்டியே!" சோதனை நடத்திய பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஐயா, டெஸ்ட் உங்களுக்கா, பாப்பாவுக்கா?" என்று கேட்டு அவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் சொன்னார்: "இருக்கும்மா, கவனக் குறைபாடுதான். சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை. உங்க வளர்ப்பும் காரணமில்லை. இவகிட்ட கவனம் இல்லாம இல்லை. அதைத் தேவையான இடத்துல நிறுத்தி வெக்கிறதுதான் இவளுக்குக் கஷ்டம்." அம்மா அழுதாள். பழி இல்லாமல் ஒரு பெயர் கிடைத்தால் அழுகைதான் முதலில் வரும். காலையில் ஒரு மாத்திரை, ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்வது, வேலையைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுப்பது, முடித்ததும் பாராட்டுவது, படிக்கும் இடத்தில் அமைதி. மருத்துவர் அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது பெரியப்பா மின்விசிறியைப் பார்த்து, "இது ஏன் ஒரு பக்கமா ஆடுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் விந்தையான சேதி வந்தது. பள்ளியில் பராக்கு தேறி வருகிறாள். தாளை முடிக்கிறாள், கையைத் தூக்குகிறாள், ஒருநாள் நெட்டைக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வீட்டிலோ நோட்டு முழுக்க அரைக் கணக்குகள். மருத்துவரிடம் மறுபடி போனபோது பெரியப்பா காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "மருந்து ஸ்கூலோட நின்னுடுது டாக்டர். தெரு முனை வரைக்கும் வருது. வீட்டுக்குள்ள வர மாட்டேங்குது."

மருத்துவர் யோசித்தார். "சாயங்காலத்துக்குள்ள மருந்தோட வேகம் குறையறது உண்டுதான். மத்தியானமும் ஒரு சின்ன மாத்திரை சேர்த்துப் பார்க்கலாமா?" என்று பேனாவை எடுத்தார். அம்மாவின் முகம் வாடியது. குழந்தை ஏற்கெனவே பகலில் சரியாகச் சாப்பிடுவதில்லை. "எழுதறதுக்கு முன்னால ஒரு கணக்குக் கொடுத்துப் பார்க்கறேன்" என்று மருத்துவர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

பராக்கு குனிந்தாள். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதி பெரியப்பாவை என்ன பாடு படுத்தியது தெரியுமா? முதலில் தொண்டையைக் கனைத்தார். பிறகு, "பொறுமையா போடு, அவசரமில்லை" என்றார். "சீக்கிரம், டாக்டருக்கு வேலை இருக்கு" என்றார். "நேரா உட்காரு." "பேனாவை இறுக்கிப் பிடிக்காதே." "கவனம் இருக்கா?" மணி வீட்டிலேயே இருந்ததால் விரலால் மேசையைத் தட்டினார். பராக்கு நான்கு முறை தலையைத் தூக்கினாள். நான்கு முறையும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

ஐந்தாம் முறை எழுதுகோலைக் கீழே வைத்தாள். "டாக்டர், பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தா நான் போட்டுடுவேன். வீட்டுலயும் போட்டுடுவேன்."

"நான் எங்க பேசினேன்?" என்றார் பெரியப்பா. அதில் பொய்யே இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

மருத்துவர் பேனாவை மூடிவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்து வரும்படி அவரை அனுப்பினார். அவர் போன திசையில் கதவு ஆடி அடங்குவதற்குள் கணக்கு முடிந்தது. விடையும் சரி. மருத்துவர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

மருந்துக்கடைக்காரர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "காலையில ஒண்ணு, அதே பழைய மாத்திரை. அப்புறம்... பெரியப்பா, சாயங்காலம் ஒரு வேளை, வீட்டுக்கு வெளியே, பிள்ளை படிச்சு முடிக்கிற வரைக்கும்." ஒருமுறை திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் அலமாரியில் தேடியும் பார்த்தார். "இது நம்மகிட்ட ஸ்டாக் இல்லைம்மா."

"பரவாயில்லைங்க," என்றாள் அம்மா. "எங்க வீட்டுல இருக்கு."

டாக்டர் எழுதியதை மீறுகிற துணிவு பெரியப்பாவுக்கு இல்லை. அன்று முதல் மாலையில் பூங்காவுக்குப் போனார். விளக்குகள் அணைந்தன. பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பராக்கை எட்ட இருந்து பார்த்துக்கொண்டாள். பூங்காவில் சதுரங்கம் ஆடும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். "குதிரையைக் கவனிங்க, குதிரையை!" என்றார். அவர்கள் பெஞ்சு மாறினார்கள். பின்தொடர்ந்தார். பூங்கா மாறினார்கள். பிறகு மீன் பிடிக்கிறவர் ஒருவர் கிடைத்தார். தக்கையைக் கவனிக்கச் சொல்லிச் சொல்லி அந்தக் குளத்து மீன்களையே எச்சரித்து அனுப்பிவிட்டார் என்று கேள்வி.

ஆண்டுக் கடைசி வந்தது. பராக்கு எல்லாத் தாளையும் முடித்தாள். நெட்டையோடு மேல் வகுப்புக்குப் போகிறாள் என்று சேதி வந்த மாலை, பெரியப்பா வாசல் படியில் ஏறி நின்றார். பழைய குரல் தானாக எழுந்தது. "தெருவாசிகளின் கனிவான கவனத்திற்கு! நான்காம் வகுப்பிலிருந்து புறப்பட்ட எங்கள் வீட்டுப் பெண், ஐந்தாம் வகுப்பை உரிய நேரத்தில் வந்தடைந்தாள்!" தெரு வழக்கம்போல் தன் வேலையைப் பார்த்தது. பராக்கு மட்டும் கீழ்ப்படியில் நின்று, அண்ணாந்து, கண்ணை எடுக்காமல் கடைசிச் சொல் வரை கேட்டாள். அவர் சொன்ன ஓர் அறிவிப்பை இப்படி ஒருவர் முழுதாகக் கேட்பதை அவர் கண்ணால் பார்த்தது அன்றுதான். நீங்கள் நம்ப மாட்டீர்கள், கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

போகட்டும், அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் தலையைத் தூக்கி, பக்கத்து அறையைப் பார்த்து, "என்ன சத்தத்தையே காணோம், படிக்கிறியா?" என்று குரல் கொடுத்தீர்களே, அந்தப் பிள்ளை அப்போது கடைசி வரியில் இருந்தது. இப்போது எழுந்து போய் மன்னிப்புக் கேட்டுத் தொலைக்காதீர்கள். இப்போதுதான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது.