குளியலறைக் கிடங்கு

என் கணவருக்கு ஈரம்தான் எமன். சிமெண்ட் கிடங்கில் மேற்பார்வையாளர். ஒரு மூட்டை சுவரில் சாய்ந்திருந்தால் போதும், தெருமுனை வரை கேட்கும்படி கத்துவார். அப்படிப்பட்ட மனிதர் தன் பிரஷர் மாத்திரைகளை வைத்திருந்த இடம், வெந்நீர் ஆவி பறக்கும் குளியலறைத் தட்டு. அதுவும் அட்டையிலிருந்து மொத்தமாகப் பிதுக்கி, ஒரே பாட்டிலில். "தினம் ஒண்ணொண்ணா பிதுக்க நேரம் ஏது?" தலைவலி மாத்திரைக்கும் அங்கேயே குடித்தனம்.

போன திங்கட்கிழமை எங்கள் ஒன்றரை வயது மகள், கவிழ்த்த வாளிமேல் ஏறி, அந்தப் பாட்டிலைக் கிலுகிலுப்பையாக ஆட்டிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, மூடி திறக்கவில்லை. பாட்டிலைப் பிடுங்கி, அவள் வாய்க்குள் மூன்று தடவை விரல் விட்டுப் பார்த்தேன்.

"மூடி இறுக்கமாத்தானே இருந்துச்சு?" என்றார்.

"இன்னிக்கு இருந்துச்சு."

"எதுக்கெடுத்தாலும் பயந்து சாகாதே. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம்: வாளியை நிமிர்த்தி வைத்தார்.

அழுது பயனில்லை. மறுநாள் கிடங்குக்கே போன் போட்டேன்.

"ஏங்க, ஒரு சந்தேகம். சரக்கை எப்படிப் பத்திரமா வைக்கணும்?"

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி. மனிதர் உருகிவிட்டார்.

"ஈரம் அண்டாத இடமா பாரு. உறையைப் பிரிக்கவே கூடாது. ரகம் ரகமா தனித்தனியா வைக்கணும். தேதி பார்த்து எடுக்கணும்."

"கண்டவங்க கை வச்சா?"

"பூட்டு எதுக்கு இருக்கு? சாவி ஒரே ஆள்கிட்டதான்."

"எந்த மாதிரி ஆளு?"

"பயந்த ஆளு! பயப்படறவன்தான் பூட்டினோமான்னு ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். தைரியசாலிகிட்ட கொடுத்தா கிடங்கு அம்போ."

"எழுதிக்கிட்டேங்க," என்றேன்.

மாலையில் வந்தவர் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"என் பாட்டில் எங்கே?"

"உள்ள பாதி ஒட்டிக் கட்டியா போயிருந்துச்சு. மருந்துக்கடையில ஒப்படைச்சாச்சு. புது அட்டையெல்லாம் அப்படியே, பிரிக்காம, பீரோ மேல்தட்டுல."

பீரோக் கதவை இழுத்தார். அசையவில்லை.

"சாவி?"

"நீங்க சொன்ன ஆள்கிட்டதான்."

கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

இப்போதெல்லாம் தினமும் காலையில் டம்ளரில் தண்ணீரோடு பீரோ முன்னால் வரிசையில் நிற்கிறார், இரண்டாவது ஆளாக. முதலில் மகளுக்கு வைட்டமின் சொட்டு.