கறுப்புக் காரின் கல் காயங்கள்

ஒரகடத்தில் ஜல்லி மற்றும் சாலைச் செம்மை உட்கோட்ட அலுவலகம் என்று ஒன்று இருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடி வரைக்கும் போகிற சாலையைச் செம்மையாக வைத்திருப்பது அதன் தலையாய கடமை. ஆண்டுக்கு ஒரு தரம் சாலை நெடுகக் கருங்கல் ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டு, அந்த அலுவலகம் தன் நாற்காலிக்குத் திரும்பி வந்துவிடும். வண்டிகள் போகப் போக ஜல்லி தானாக அமுங்கிக்கொள்ளும் என்பது அதன் நெடுநாளைய கொள்கை. ஜல்லிக்கு இந்தக் கொள்கையை யாரும் தெரிவிக்கவில்லை. அது அமுங்குவதற்குப் பதிலாகப் பறந்துகொண்டிருந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் அந்த அலுவலகத்துக்குப் புதுக் கார் வந்தது. நல்ல கறுப்பு. முகம் பார்த்துத் தலை வாரலாம். தலைமை எழுத்தர் ரத்தினம் தினமும் அதில்தான் வாரிக்கொண்டார். காரை ஓட்டுகிறவன் வடக்குப்பட்டு எல்லப்பன். ஒன்பது வருஷமாகத் தற்காலிக டிரைவர். அவன் மகள் லீலாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பெண் லட்சணம் என்பார்கள், சமையல் பிரமாதம் என்பார்கள், கடைசியில் "பொண்ணோட அப்பா இன்னும் டெம்ப்ரவரியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

காரோடு ஓர் உத்தரவும் வந்தது. 'விபத்தின்றி ஓராண்டுக் காலம் மேற்படி ஊர்தியை இயக்கும் தற்காலிக ஓட்டுநர் நிரந்தரமாக்கப்படுவார்.' எல்லப்பன் அதை ரத்தினத்திடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். அவன் மனைவி கிளியம்மாள் சிங்கப்பெருமாளுக்கு நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாளே முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு ஜல்லி கிளம்பி வந்து பானெட்டில் 'டிக்' என்று உட்கார்ந்துவிட்டுப் போனது. துவரம்பருப்பு அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து உள்ளே தகரம் தெரிந்தது.

ரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வெளிப்பொருள் மோதி ஊர்திக்குச் சேதம். இது விபத்துதான்யா."

"இன்னா சார் இது? ஒரு துளியூண்டு கல்லு சார்!"

"லாரி மோதினாலும் மோதல்தான், கல் மோதினாலும் மோதல்தான். அளவைப் பத்தி உத்தரவுல ஒண்ணும் கிடையாது."

எல்லப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெயிண்டர் பாண்டுரங்கனை சைக்கிளில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தான். பாண்டுரங்கன் குனிந்து பார்த்தான்.

"இது பொட்டு வைக்கிற வேலைதான்பா. துரு புடிக்கறதுக்குள்ள எமரி பேப்பர்ல லேசா தேய்க்கணும். ரெட் ஆக்சைடு ஒரு சொட்டு. அது காஞ்சதும் தீக்குச்சி முனையில கறுப்பு பெயிண்டு ஒரு சொட்டு. நல்லா காஞ்சப்புறம் பாலிஷ் காம்பவுண்டு போட்டுத் துடைச்சா பெத்தவனுக்கே அடையாளம் தெரியாது."

அவன் எமரி காகிதத்தை எடுத்த நேரம் உட்கோட்ட அதிகாரி தசரதன் வெளியே வந்தார். "நிறுத்துய்யா! அது தடயம். கோப்பு முடியறவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

"துரு புடிச்சிடும் சார்," என்றான் பாண்டுரங்கன்.

"பிடிக்கட்டும். முறைப்படி பிடிக்கட்டும்."

கோப்பு சென்னைக்குப் போனது. கல் காயம் முறைப்படி துருப்பிடித்தது. துவரம்பருப்பு மொச்சைக்கொட்டையாகி, மொச்சைக்கொட்டை நாலணா நாணயம் ஆனது. நாலு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது: 'சம்பந்தப்பட்ட கல்லை அனுப்பிவைக்கவும்.'

சம்பந்தப்பட்ட கல்லுக்கு எங்கே போவது? ரத்தினம் வாசலுக்குப் போய், சாலையில் கண்ணில் பட்ட முதல் கல்லை எடுத்து, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார். அதை அங்கே அளந்து பார்த்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஜல்லிதான், அளவு எப்படிச் சரியாக இருக்கும்? 'அனுப்பப்பட்ட கல் நம் துறை நிர்ணயித்த அளவில் இல்லை. ஆகவே அது நம் சாலையில் இருந்திருக்க முடியாது. ஆகவே மேற்படி விபத்து நிகழவில்லை. ஓராண்டுக் காலத்தை இன்று தொடங்கி எண்ணவும்' என்று உத்தரவாகியது. நிகழாத விபத்தின் துருவைப் பாண்டுரங்கன் அரை நாள் சுரண்டினான்.

இனிமேல் ஒரு கல் படக்கூடாது என்று எல்லப்பன் கங்கணம் கட்டிக்கொண்டான். தசரதனிடம் பணிவாக ஒரு யோசனையும் சொன்னான்.

"சார், நம்ம ரோடு ரோலர் பின்னாடி சும்மா தானே கீது? ஒரு வாட்டி ரோட்டு மேல வுட்டா ஜல்லி அமுங்கிடும். அப்புறம் எப்டி சார் கல்லு பறக்கும்?"

தசரதன் திடுக்கிட்டார். "என்னய்யா பேசறே? ரோலருக்கு இப்பத்தான் புதுசா பச்சைப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கோம். அந்த ரோட்டுல விட்டா என்னத்துக்கு ஆகும்?"

நியாயம்தானே? எல்லப்பன் வாயை மூடிக்கொண்டு தன் வழியைப் பார்த்தான். கிளியம்மாள் நெல்லுக்காக வைத்திருந்த இரண்டு கோணிப்பைகளைப் பிரித்துத் தைத்து பானெட்டுக்குச் சட்டை போட்டான். லாரிக்குப் பின்னால் அரை மைல் தள்ளியே போனான். எதிரே லாரி வந்தால் காரை வயலோரமாக ஒதுக்கி நிறுத்தி, முன்னால் போய்த் தானே கையை விரித்து நின்றுகொண்டான். அவன் முழங்காலில் பட்ட கற்களுக்குக் கணக்கில்லை. முழங்கால் அரசாங்கச் சொத்து இல்லையாதலால் அது விபத்தில் சேரவும் இல்லை.

இந்த வேகத்தில் போனதில், மாட்டு வண்டிகள் ஒலியெழுப்பி வழி கேட்டு முந்திப் போயின. தசரதன் ரயிலடிக்குப் போய்ச் சேரும்போது ரயில் தாம்பரத்தைத் தாண்டியிருக்கும். நாலைந்து தரம் பார்த்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். டூரை நாற்காலியில் இருந்தபடியே எழுதிக்கொள்வது என்பதுதான் அந்த முடிவு. பயணப் பதிவேட்டில் அவர் மழையிலும் வெயிலிலும் இருநூற்றுப் பன்னிரண்டு நாள் சுற்றினார். கார் கொட்டகையில் நின்றது. எல்லப்பன் அதைக் காலையும் மாலையும் துடைத்தான். ஒரு வருஷம் முடிய ஒரு நாள் பாக்கி. காரில் ஒரு கீறல் இல்லை. லீலாவுக்கு வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன் வந்து, "பர்மனென்ட் ஆகட்டும், தட்டு மாத்திக்கலாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தது.

இதற்கிடையில் உலகம் மாறிவிட்டது. மேலிடத்துக்குப் புதிதாக வந்த பெரியவர் ஒருவர், 'காயமில்லாத கார் கடமை செய்யாத கார்' என்று சுற்றறிக்கை விட்டார். சாலையில் போனால் கல் படும். கல் படவில்லையென்றால் போகவில்லை. மறுக்க முடியாத வாதம். உடனே அதிகாரிகளுக்குள்ளே இதுவே நாகரிகமாகிப் போனது. கூட்டங்களில் சந்தித்தால் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்க காருக்கு எத்தனை கல்?" என்று கேட்டார்கள். ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தம் கற்காயங்களைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்டு வைத்திருந்தார். அவருக்குப் பெண் கொடுக்கப் பலர் முன்வந்ததாகச் சொல்வார்கள்.

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்குக் கல் காயத் தணிக்கைக் குழு ஒரகடம் வருகிறது என்று தந்தி வந்தபோது, தசரதன் காரைப் பார்த்தார். கார் அவர் முகத்தை அப்படியே திருப்பிக் காட்டியது.

காலை எட்டு மணிக்கே பாண்டுரங்கனை வரவழைத்தார்கள். "பெயிண்ட்ல கல் பட்ட மாதிரி புள்ளி வெக்க முடியுமாய்யா?"

"வெக்கலாம் சார். ஆனா கையால தடவிப் பார்த்தா தெரிஞ்சிடும். கல்லு பட்டாத்தான் சார் கல்லு பட்ட மாதிரி இருக்கும்."

தசரதன் நிமிர்ந்தார். "எல்லப்பா, கோணியைக் கழட்டு."

ஒன்பதே காலுக்கு அந்த வைபவம் தொடங்கியது. வாசல் சாலையிலிருந்து ஜல்லி கூடை கூடையாக வந்தது. அலுவலர்கள் பதவி வரிசைப்படி நின்றார்கள். முதல் கல்லை அதிகாரி எறிந்தார். அது காருக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எல்லப்பன் ஒவ்வொரு 'டிக்'குக்கும் தன் மேலே பட்டது போலத் துடித்தான். "சார், வாணாம் சார், இன்னிக்கு தான் சார் என் வருஷம் முடியுது!" என்று கெஞ்சினான். யார் காதிலும் விழவில்லை. அவனுக்காக எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் சுற்றறிக்கை சுற்றறிக்கைதான்.

வேலிக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. மாரி என்கிற நெல் வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், கவர்மென்டு கார் மேல கவர்மென்டே கல்லு வுடுது?" என்று கேட்டார்.

"சும்மா நிக்காதய்யா, நேரமில்லை. நீயும் ரெண்டு போடு," என்றார் தசரதன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தச் சாலையில் அச்சு முறிந்தவர்கள், மாடு நொண்டியானவர்கள், சைக்கிள் டியூபுக்கு வட்டிக்கு வாங்கியவர்கள் என்று ஊரே திரண்டு நின்றது. பத்து வருஷத்துக் குறையைப் பத்து நிமிஷத்தில் தீர்த்துக்கொண்டார்கள். சாலையில் ஒரு கல் மிச்சமில்லை.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. குழுத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி காரைத் தடவினார். இருநூற்றுப் பதிமூன்று காயங்கள். "அடடா! மேற்கூரையிலும் இருக்கிறதே?" என்றார்.

"மலைப் பகுதிகளுக்கும் போயிருக்கேன் சார்," என்றார் தசரதன்.

ஒரகடத்தில் மலை உண்டா இல்லையா என்பது சென்னையிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. சிறந்த களப்பணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வந்த வழியில் சாலை வழவழவென்று இருந்ததாக வேறு பாராட்டினார்.

அவர்கள் போனதும் எல்லப்பன் ரத்தினத்தின் மேஜை முன்னால் வந்து நின்றான். ரத்தினம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "பழைய உத்தரவை யாரும் ரத்து பண்ணலையே எல்லப்பா. ஒரு கல்லுக்கு ஒரு விபத்துன்னா, இன்னிக்கு ஒரே நாள்ல இருநூத்திப் பதிமூணு விபத்து. இந்த மாகாணத்துலயே யாரும் பண்ணினதில்லை."

"நான் வண்டியில ஏறவே இல்லியே சார்! அது பாட்டுக்கு நின்னுகினு தானே இருந்துச்சி!"

ரத்தினத்தின் பேனா நின்றது. "என்ன சொன்னே? நின்னுக்கிட்டு இருந்துச்சா?" எழுந்து மூன்று பழைய புத்தகங்களைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "ஓடுகிற பொருளுக்கு அதை ஓட்டுகிறவன் பொறுப்பு. நிற்கிற வண்டிக்கு ஓட்டுநரே கிடையாது. வண்டி நிக்கும்போது நீ டிரைவரே இல்லை, வெறும் எல்லப்பன். வெறும் எல்லப்பன் எப்படிய்யா விபத்து பண்ண முடியும்?"

அப்படியாக எல்லப்பன் நிரந்தரமானான். தட்டு மாற்றினார்கள். கிளியம்மாள் நூற்றெட்டுச் சுற்றும் சுற்றி முடித்தாள். தசரதன் பதவி உயர்ந்து போனார். சாலையில் ஜல்லி முழுவதும் காணாமல் போயிருப்பதைப் புதிய அதிகாரி கண்டுபிடித்து, உடனடியாகப் புது ஜல்லி கொட்டிப் பரப்பினார். கூடை கூடையாகக் கல் எறிந்த ஊர்க்காரர்கள் மறுபடியும் அதன் மேலேயே போய்வந்தார்கள்.

ஒரு நாள் பகல் எல்லப்பன் ரயிலடியிலிருந்து தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். முன்பெல்லாம் ஓரத்தில் ஆள் நடந்தால் அவன் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அன்று போகவில்லை. பர்மனென்ட் கால் அது. புழுதியும் ஜல்லியுமாகக் கார் பறந்தது. பின்னால் 'டங்' என்று ஒரு சத்தமும் ஒரு பெண் குரலும் கேட்டன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனான். கிளியம்மாள் பித்தளைக் குடம் ஒன்றை அவன் முன்னால் நங்கென்று வைத்தாள். லீலாவின் சீருக்கென்று அன்றைக்குத்தான் வாங்கி வந்த புதுக்குடம். வயிற்றில் ஒரு பெரிய ஒடுக்கு.

"எந்தக் கட்டையில போறவனோ, கண்ணு மண்ணு தெரியாம காரை ஓட்டிகினு போனான்யா! கல்லு வந்து பட்டுச்சி. ஒரு விரக்கடை இந்தாண்ட பட்டிருந்தா என் மண்ட போயிருக்கும். புழுதியில ஆளு கூட தெரியல. கறுப்பு காரு!"

எல்லப்பன் குடத்தை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒடுக்கை மெதுவாகத் தடவினான். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"குடம் அப்போ நின்னுகினு இருந்துச்சா, போயிகினு இருந்துச்சா?"

"இன்னாய்யா கேள்வி இது? தலையில வெச்சிகினு நடந்து வந்தேன்."

"அப்போ குடம் ஓடிகினு இருந்துச்சி. ஓட்டுனது நீ. உன் மேலதான் தப்பு," என்றான் எல்லப்பன்.

கிளியம்மாள், பத்து வருஷம் டெம்ப்ரவரியாக இருந்த அந்த மனுஷன் எங்கே போனான் என்று தேடுகிறவள் போல, அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.