நிற்காமல் ஓடிய கணக்குப் பாடம்

ஒரு வகுப்பையே ஒரே பார்வையில் அடக்கிவிடும் டீச்சர்களுக்கும் கணினி அடங்குவதில்லை. எனக்கு அடங்காததோடு, ஊர் சிரிக்கவும் வைத்தது.

கேரள எல்லைக்குள், வாளையாருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அந்த வருடம் மழைக்காக விடுமுறை மேல் விடுமுறை. பத்தாம் வகுப்புக்கு வட்டங்கள் பாடம் பாதியில் நின்றது. மலையாள மீடியம் பிள்ளைகளுக்கு வீடியோ பாடங்கள் கொட்டிக் கிடந்தன. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் தேடினால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான் வந்தது. நானே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். திரையில் வரைவதையும் பேசுவதையும் அப்படியே பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் இறக்கினேன். (ஓசிதான். அது பிறகு புத்தியைக் காட்டியது.)

முதல் பதிவில் படம் வந்தது, குரல் வரவில்லை. அடுத்ததில் குரல் வந்தது. படத்தில் லேப்டாப் முகப்பில் வைத்திருந்த எங்கள் ஊட்டி போட்டோ மட்டும் அசையாமல் நின்றது. "இந்த வட்டத்தைக் கவனியுங்கள்" என்று நான் சொல்லும்போதெல்லாம் திரையில் தெரிந்தது என் கணவரின் தொப்பை. அதற்கடுத்ததில் இரண்டும் வந்தன, கூடவே ரோட்டில் போகும் லாரிகளின் ஹாரனும்.

வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். எனக்கோ வெறி ஏறிவிட்டது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கணவரின் மெத்தைக் கடையிலிருந்து ஒரு மெத்தையை எடுத்துவந்து ஜன்னலில் சாய்த்தேன். வேர்வை வழிய வழிய, செய்தி வாசிப்பவரைப் போன்ற தமிழில் தொடுகோட்டை விளக்கி முடித்தேன். "நன்றி மாணவர்களே" என்று சொல்லி, நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். (அது பதிவை நிறுத்தும் பட்டன் அல்ல, பதிவுப் பெட்டியைச் சுருக்கி மறைக்கும் பட்டன்.)

என் கணவர் ஜமால் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா? மெத்தைய எடுத்துக்கட்டா? கடையில ஆள் நிக்குது."

"பாடம் எப்படி இருந்துச்சுங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சு. தொடுகோடுன்னா என்னன்னுதான் புரியல."

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, உங்க ஸ்கூட்டர் சக்கரம் ரோட்டுல எத்தன இடத்துல படுது?"

"ஒரே இடத்துல."

"அப்ப ரோடுதான் தொடுகோடு. சக்கரத்தோட நடுவுல இருந்து அந்த இடத்துக்கு ஒரு கம்பி எறக்குனா நேர் குத்தா நிக்கும். தொண்ணூறு டிகிரி. இன்னும் வெளங்கலைன்னா, நான் சொல்றதெல்லாம் உங்க காதுல பட்டுட்டு அப்படியே போகுது பாருங்க, உள்ள போறதே இல்ல. அதுதான் தொடுகோடு."

"உள்ள போச்சுன்னா?"

"வெட்டுக்கோடு. எங்க ஹெச்.எம். ஸ்டாஃப் ரூமுக்குள்ள இந்தக் கதவுல நுழைஞ்சு, எங்க பேச்ச நடுவுல வெட்டிட்டு, அந்தக் கதவுல வெளிய போவாங்க. அது மாதிரி."

அவர் சிரித்துக்கொண்டே மெத்தையைத் தூக்கிப் போனார். லேப்டாப்பை அணைக்கப் போனபோது, பதிவைச் சேமிக்கவா என்று அது கேட்டது. சேமித்தேன். மறுபடி பார்க்கத் தெம்பில்லாமல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதில் பெற்றோர்கள் இருக்கிறார்கள். ஹெச்.எம்.மும் இருக்கிறார்.

மறுநாள் மழை விட்டுவிட்டது. (விடாமலே இருந்திருக்கலாம்.) ஸ்டாஃப் ரூமில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பக்கத்து மேஜைக்காரர் மட்டும் தன் போனை நீட்டினார். அதில் வெட்டுக்கோட்டை விளக்கிக்கொண்டிருந்த என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்தது. அந்த நேரம் பார்த்து ஹெச்.எம். உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். வந்த கதவு வழியாகவே திரும்பிப் போனார்.

ஒளிந்துகொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அறைக்குப் போய் நின்றேன். "மேடம், மன்னிச்சுக்கங்க. வீடியோவ எடுத்தர்றேனுங்க."

"எடுக்காதீங்க டீச்சர். பசங்களக் கேட்டுட்டேன். முன்பாதி ஒருத்தனுக்கும் புரியல. உங்க ஊட்டுக்காரர் வந்ததுக்கப்புறம் எல்லாருக்கும் புரிஞ்சிருக்குது. அடுத்த பாடத்துக்கும் அவரையே ஒக்கார வைங்க."

நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "வெட்டுக்கோட்டுக்கு மட்டும் வேற ஆளப் பாருங்க."

அந்த வருடம் முழுக்க ஜமால் சந்தேகம் கேட்டார், நான் திட்டித் திட்டி விளக்கினேன். வீடியோக்கள் கைமாறி இடுக்கி எஸ்டேட் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகள் வரை போய்விட்டன. அது எங்களுக்குத் தெரியவந்தது, போன லீவில் மூணாறு போனபோதுதான். ஒரு டீக்கடையில் இவர், "சக்கர கம்மியா ரெண்டு டீ" என்றார். கடைக்கார அம்மா கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டார்.

"சத்தத்தக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. நீங்க அந்தத் தொடுகோடு சாருதான? எம் மவ ஒங்களாலதான் கணக்குல பாஸானா."

இவர் அடக்கமாகத் தலையாட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா என்னைக் காட்டி, "இவுக யாரு சார்?" என்றார்.

"நம்ம ஊட்டுலதான். ரெக்கார்டிங் எல்லாம் இவதான் பாத்துக்கறா."

இப்போது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் அவரைச் சார் என்கிறார்கள். என்னை, ரெக்கார்டிங்.