ரிலேட்டிவிட்டி சார் பெண் பார்த்த கதை

காரைக்கால் என்று ஓர் ஊர் உண்டான நாளிலிருந்து, ரிலேட்டிவிட்டி சாரைப் போல் மனுஷர்களைக் களைப்படைய வைத்த ஆள் அங்கே வேறு கிடையாது. எந்நேரமும் சார்பியல் தத்துவமே பேசியதால் வந்த பட்டப்பெயர் அது. எழுபதுகளின் கடைசியில் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. என் தலையெழுத்து.

"ஏன் லேட்டு?" என்று அதிகாரி கேட்டால், "வேகமா சைக்கிள் மிதிச்சு வந்தேங்க. உங்க கடிகாரத்தைவிட என்னோடது மெதுவாத்தான் ஓடியிருக்கும்" என்பார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொள்வார்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில், சலவையிலிருந்து நான் வாங்கிவந்த வேட்டியைப் பிரித்து, நாலு பேரை நாலு மூலையைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு தேங்காய். அதுதான் சூரியனாம். ஓரமாக ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டினார். அது வளைந்து ஓடியது.

"பாத்தீங்களா? சூரியன் ஓரமா வர்ற நட்சத்திர வெளிச்சமும் இப்படித்தான் வளையும். கிரகணத்தப்போ போட்டோ பிடிச்சே பாத்துட்டாங்க!"

"கை கடுக்குது சார், போதும்."

"இருங்க, பெரிய நட்சத்திரம் செத்தா அதோட பாரம் அதுக்கே தாங்காம..." என்று கேன்டீன் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார். வேட்டி டர்ரென்று கிழிந்தது. "இதான் பிளாக் ஹோல்!" என்றார் பரவசமாக. வேட்டி என்னுடையது ஐயா!

நாற்பதை நெருங்கியும் மனுஷருக்குக் கல்யாணம் ஆகவில்லை. "வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல சார்" என்று ஒருதரம் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அதனால்தான் அவருடைய பெண் பார்க்கும் படலங்களுக்கெல்லாம் துணைக்குப் போய்த் தொலைத்தேன். எல்லாமே அவர் வாயைத் திறந்ததும் முறிந்தன.

கடைசியாகக் கோட்டுச்சேரியில், எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம். பெண் ஸ்டெல்லா, டீச்சர், முப்பதைத் தாண்டியவள். அவள் அப்பாவுக்கோ பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைதான் வேண்டும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் அதற்குத்தான் மவுசு. "தயவுசெஞ்சு பேசாம இருங்க" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். காபி வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஒருத்தர் ரொம்ப தூரம், ரொம்ப வேகமா போயிட்டுத் திரும்பினா இளமையாவே இருப்பாருங்க. இங்கயே இருக்கிறவர் கிழவராயிடுவாரு."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "வாஸ்தவம்தாங்க! என் மச்சான் பாரீசுலேருந்து லீவுல வந்தா அப்படித்தான் இருக்காரு. தம்பி எப்ப பொறப்படுறீங்க?"

பிரான்ஸ் மாப்பிள்ளை என்றே முடிவு கட்டிவிட்டார். அப்பாடா, சம்பந்தம் கூடிவிட்டது! சாரின் காலை மிதித்தேன். கேட்டால்தானே?

"இல்லீங்க. எனக்கு நேஷனாலிட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் இங்கயே இருந்து கிழவனாகிற ஆளு."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். போச்சுடா என்று நான் எழுந்தேவிட்டேன்.

கதவோரம் நின்ற ஸ்டெல்லா கேட்டாள்: "ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தா?"

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நேரம்தாங்க. சேந்துதான் வயசாகும்." என்றார் சார்.

"எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள்.

கல்யாணத்தன்று பாதர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்க, சார் அவளிடம் ஏதோ கிசுகிசுத்தபடியே இருந்தார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஆபீசில் என்னிடம் பேசுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.